வாசிப்பு வாரம்

இங்கிலாந்துச் சர்வகலாசாலைகள் பலவற்றில், பருவத்தின் நடுவே ஒரு வாரம் வகுப்புகளை நிறுத்தி, மாணாக்கர் ஏகாந்தமாக அமர்ந்து நூல்களைப் பாராயணம் செய்யட்டும் என்ற நல்லெண்ணத்தோடு அதற்கு 'ரீடிங் வீக்' என்று நாமகரணமும் சூட்டியிருக்கிறார்கள். மதுரையிலிருந்து அங்கே படிக்கப் போன என் தமக்கை மகன், நைஜீரிய நண்பன் ஒருவனும் சீனத்து நண்பன் ஒருவனும் உடன்வர, நூலகத்துப் புத்தகங்கள் நான்கைச் சுமந்துகொண்டு, விசிராந்திக்காக விண்டர்மியர் ஏரிக்குப் புறப்பட்டான். அந்நாட்டின் மிகப் பெரிய இயற்கை ஏரியாகிய அதை, 10 மைலுக்கு மேல் நீண்டு கிடப்பதை, ஓயாத மழையின் அனுக்கிரகத்தால் மூவரும் மூன்று நாளும் விடுதிச் சன்னல் வழியாகவே தரிசித்தார்கள். சோறு பொங்கிற்று; பருப்புப்பொடி தீர்ந்தது. புத்தகங்களில் தடித்ததொன்று மட்டும் பையை விட்டு வெளியே வந்தது. அதன் அட்டையில் குக்கரின் வட்டம் இன்னமும் இருக்கிறது.