தராசு அண்ணாச்சி

மகாராஜபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்குகிறவர், கையில் இருக்கும் டிக்கெட்டைக் கசக்கிப் போடுவதற்குள் தன் எடையைத் தெரிந்துகொள்ளலாம். டீக்கடை பெஞ்சில் தராசு அண்ணாச்சி இருக்கிறார். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அதை ரேஷன் கார்டில்தான் பார்க்க வேண்டும்.

ரயில் நிலையங்களில் முன்பு நின்ற எடை மெஷின், காசு போட்டால்தான் வாய் திறக்கும். திறந்தாலும் அட்டைக்குப் பின்னால் நல்ல காலம் பிறக்குதென்று நாலு வார்த்தை அச்சடித்துத் தரும். அண்ணாச்சிக்குக் காசும் வேண்டாம், நல்ல வார்த்தையும் வராது.

சென்னையிலிருந்து வருகிறவனிடம், "என்ன மாப்ள, பாதியாயிட்ட? சுகரா?" என்பார். அவன் மூன்று மாதம் நடையாய் நடந்து, ராத்திரி பரோட்டாவை விட்டு, ஆறு கிலோ குறைத்திருப்பான். மறுநாளே ராஜபாளையத்துக்குப் போய் டெஸ்டுக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வருவான். கல்லூரி விடுதியிலிருந்து வரும் பெண்ணிடம், "ஹாஸ்டல் சோறு ஒடம்புல நல்லா ஒட்டியிருக்கே தாயி!" அந்தப் பிள்ளை லீவு முடியும்வரை ராத்திரி தட்டைத் தள்ளி வைத்தது. அவள் அம்மா கேட்டதற்கு, "பசிக்கலம்மா" என்று சொல்லிவிட்டது.

அண்ணாச்சியின் வைத்திய சாஸ்திரம் ரொம்பச் சுருக்கம். பெருத்தால் ஓட்டல் சாப்பாடு, இளைத்தால் சுகர். அப்படியே இருந்தால், "மனசுல ஏதோ கவலை, ஒடம்பு பிடிக்கல."

அமாவாசை, பௌர்ணமி வந்துவிட்டால் அவருக்குக் கை ஓயாது. சதுரகிரி மலை ஏற அடிவாரத்துத் தாணிப்பாறைக்குப் போகிற கூட்டம் இந்த வழியாகத்தான் போகும். வண்டி நின்று டீ குடிக்கிற ஐந்து நிமிடத்தில், யார் மகாலிங்கத்தைப் பார்ப்பார், யார் பாதியில் திரும்புவார் என்று பட்டியல் போட்டுவிடுவார். ஒரு ஆடி அமாவாசைக்கு, நல்ல கனமான ஒரு அம்மாவைக் காட்டி, "இது வழுக்குப்பாறை தாண்டாது" என்றார். சாயந்திரம் அந்த அம்மா நெற்றி நிறைய விபூதியோடு திரும்பி வந்து, அதே கடையில் இரண்டு டீ வாங்கிக் குடித்தார். தினமும் தோட்ட வேலை பார்க்கிறவராம். அண்ணாச்சி மலை ஏறி எத்தனை வருஷமாச்சு என்று யாரோ கேட்டார்கள். அவருக்கு அவசரமாக வீட்டு ஞாபகம் வந்துவிட்டது.

அவர் மாட்டிக்கொண்டது தையல்காரரிடம். பேரன் காதுகுத்துக்குச் சட்டை தைக்கப் போனவர், "இடுப்பு முப்பத்தி நாலு. இருபது வருஷமா அதே அளவுதான்" என்று அளக்காமலே சொன்னார்.

"அண்ணாச்சி, அது நீங்க வேட்டி கட்டுற எடம். தொப்பைக்குக் கீழ. சட்டை தொப்பைக்கு மேலல்ல வரணும்?" என்று தையல்காரர் டேப்பை ஏற்றிப் பிடித்தார். நாற்பத்தொன்று! காஜா எடுத்துக்கொண்டிருந்த பையன் தலையைக் குனிந்துகொண்டான். தோள் மட்டும் குலுங்கியது.

அண்ணாச்சி கண்ணுக்குத் தப்பும் சங்கதி இதுதான். டாக்டர்கள் இடுப்பை அளப்பதும் வேட்டி மடிப்பில் அல்ல; கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில். நம் நாட்டு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 தாண்டினால் கவனிக்க வேண்டும் என்பது கணக்கு. கிலோவை, மீட்டரில் எடுத்த உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் பிஎம்ஐயும் ஒரு கணக்குதான். அதற்கு நம்மவர்களுக்கு எச்சரிக்கைக் கோடு 23. ஆனால் அதுவும் முழுக்கதை சொல்லாது. 2004-ல் லான்செட் மருத்துவ இதழில் இரண்டு மருத்துவர்கள் தங்கள் படத்தையே போட்டுக் காட்டினார்கள். புனே யாஜ்னிக்குக்கும் லண்டன் யுட்கினுக்கும் ஒரே பிஎம்ஐ, 22.3. உடம்புக் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. மெஷினே ஏமாறுகிற இடத்தில் டீக்கடை பெஞ்சு எம்மாத்திரம்?

அண்ணாச்சி கெட்டவரில்லை. அக்கறையில்தான் கேட்கிறார். அவர் காலத்தில் பூசினாற்போல் இருந்தால் வசதி, ஒட்டிப்போனால் வறுமை. உடம்பைப் பார்த்தே குடும்ப நிலவரம் விசாரித்த தலைமுறை அது. ஆனால் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர் பார்க்க வீட்டுக்கே வருகிற பெண்ணைக் கண்டால் மட்டும், "எனக்கென்னம்மா, கல்லு மாதிரி இருக்கேன்" என்று தோப்புப் பக்கம் நடையைக் கட்டுகிறார். அவர் நடக்கிற நடை அது ஒன்றுதான்.

போன வாரம் நானும் அவரிடம் மாட்டினேன். "என்னய்யா, ஊதிட்ட?" என்றார். கையில் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா. மலையிறங்கிய யாரோ கொடுத்தது. பாதியை எனக்கு நீட்டினார். "அண்ணாச்சி, சட்டை தைச்சாச்சா?" என்றேன். மீதிப் பாதியையும் என் கையிலேயே வைத்துவிட்டார்.

உங்கள் ஊர் பெஞ்சிலும் ஒரு தராசு இருக்கும். சில நாள் அது நாமாகவும் இருப்போம். ஊருக்கு வருகிற பிள்ளையிடம், "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேளுங்கள். எவ்வளவு சாப்பிட்டது என்பது அதன் பாடு.