கட்டுங்கள், கணக்கும் கேளுங்கள்!

கேள்வி: வேலைக்குப் போனால் வரி கட்டுவீர்களா என்று வகுப்பில் கேட்டார்கள். "தப்பிக்க வழி இருந்தால் தப்பிப்போம்" என்றோம். தப்பா?
(கல்லூரி மாணவர், திருப்பத்தூர்)

பதில்: ஓடுவதற்கு முன்னால், துரத்துவது யார் என்று திரும்பிப் பாருங்கள். 2025-26 முதல், புதிய முறையில் ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய் வரையிலான சம்பளத்துக்கு வருமான வரி இல்லை. முதல் வேலையிலேயே அந்தச் சம்பளம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? ஆனால் வேறு வழியில் நீங்கள் ஏற்கெனவே வரி கட்டிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். 349 ரூபாய்க்கு செல்போன் ரீசார்ஜ் செய்தால், அதில் சுமார் 53 ரூபாய் ஜி.எஸ்.டி. பாதி மத்திய அரசுக்கு, பாதி மாநிலத்துக்கு.

கேள்வி: மருதிருவரை 1801 அக்டோபர் 24-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் தூக்கிலிட்டது எங்கள் ஊரில்தான். வரி மறுப்பது எங்கள் ரத்தத்திலேயே இருக்கிறது, சரிதானே?
(மளிகைக் கடைக்காரர் மகன், திருப்பத்தூர்)

பதில்: ரத்தத்தில் வீரம் இருக்கிறது. பில் போடாமல் சரக்கு விற்பது அந்த வீரத்தில் சேராது. பாளையக்காரர்களிடம் கிஸ்தி வசூலிக்கும் உரிமையை 1792 ஒப்பந்தத்தில் ஆர்க்காடு நவாப் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தார். பாளையத்து மக்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்றைக்கு, சட்டம் இல்லாமல் ஒரு பைசா வரி வாங்கக் கூடாது என்கிறது அரசமைப்பின் 265-வது பிரிவு. அந்தச் சட்டத்தைப் போடுகிறவரை 18 வயதில் நீங்களே தேர்ந்தெடுக்கிறீர்கள்.

கேள்வி: எங்கள் பக்கம் கல்லூரி கட்டியவர்கள் வள்ளல்கள். அப்புறம் அரசுக்கு எதற்குக் கொடுக்க வேண்டும்?
(வங்கித் தேர்வுக்குப் படிப்பவர், காரைக்குடி)

பதில்: உங்கள் ஊர் சிக்ரியையே (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953-ல் அது திறக்கப்பட்டது. அந்தக் கொடையைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். ஆனால் அங்கே இத்தனை காலம் விஞ்ஞானிகளுக்கு மாதச் சம்பளம் கொடுத்து வருவது வரிப்பணம். தவிர, வள்ளலிடம் கணக்குக் கேட்க முடியாது. அரசிடம் கேட்கலாம்.

கேள்வி: கட்டுகிற பணம் வீணாகப் போகிறதே?
(ஐ.டி.ஐ. மாணவர், சிங்கம்புணரி)

பதில்: கோபம் நியாயமானது. கட்டாமல் விட்டால் கேட்கிற வாயும் அடைத்துப் போகும். கல்யாண வீட்டில் மொய் செய்தால், நோட்டில் பேரும் தொகையும் சரியா என்று பார்த்துவிட்டுத்தான் பந்திக்குப் போகிறோம். அந்த அக்கறை வரிக்கும் வேண்டும். தகவல் உரிமை மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய்தான். கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அது கூடும் ஆகஸ்ட் 15-ம் அக்டோபர் 2-ம் உங்களுக்கும் லீவுதான். எழுந்து போய், நம்ம ஊர் ரோட்டுக்கு எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவானது என்று கேளுங்கள்.