இறகால் பிடிக்கிற மீன்

வாசுதேவநல்லூரில் அக்டோபர் மாதத்தை யாரும் இலையுதிர் காலம் என்று சொன்னதில்லை. அது ஐப்பசி, அடைமழை. இலை உதிர்ந்தாலும் சேற்றில்தான் உதிரும். பெங்களூரில் வேலை பார்க்கும் என் அக்கா மகன்தான் 'ஆட்டம் ட்ரிப்' என்று ஒன்றைக் கொண்டுவந்தான். மேற்கு மலை ஆறுகளில் ஃப்ளை ஃபிஷிங். அதற்கென்று ஒரு வாட்ஸப் குழு, ஒரு எக்செல் ஷீட். 'லோக்கல் எக்ஸ்பர்ட்' பட்டத்தோடு குழுவில் என்னையும் சேர்த்திருந்தான்.

என் தகுதி இவ்வளவுதான்: எழுபதுகளில் குளம் மறுகால் பாயும்போது நானும் அங்கே நின்றிருக்கிறேன். மலையில் கொட்டுகிற மழை கால்வாய் வழியே இறங்கிக் குளத்தைப் பெருக்கும்; கெண்டையும் கெளுத்தியும் மறுகாலில் விழுகிற தண்ணீரை எதிர்த்து ஏறும்; நாங்கள் துண்டை விரித்துப் பிடித்தபடி நிற்போம். மற்ற நாட்களில் மூங்கில் கம்பு, தங்கூசி, மயிலிறகுத் தண்டில் மிதப்பு, முள்ளில் மண்புழு. பள்ளிக்கூடம் விட்டதும் போவோம், சிலநாள் விடுவதற்கு முன்பே. மீன்பாசி ஏலம் எடுத்தவரின் ஆள் வந்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்பதை மட்டும் முன்கூட்டியே திட்டமிட்டிருப்போம்.

அதைப் பொற்காலமாக்க எனக்கு மனமில்லை. மலை ஓடைக் கசங்களில் தோட்டா போட்டு மீன் எடுத்தவர்கள் அன்றும் உண்டு; பெரிசு, பொடிசு எல்லாம் வயிறு மேலாக மிதக்கும். நாட்டு மீன் என்று நாங்கள் பெருமையாகத் தின்ற சிலேபிக் கெண்டைக்குப் பூர்வீகம் ஆப்பிரிக்கா. இந்தியாவுக்குள் வந்ததே 1952-இல்தான்.

மருமகனின் சாமான்கள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கின. ஒன்பதடிக் கம்பு, ரீல், பிடித்த மீனைத் திரும்ப விடுவதற்காக எதிர்முள் இல்லாத கொக்கிகள். நம் தூண்டிலில் ஈயக்குண்டின் கனம் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். இதில் கனமெல்லாம் நூலுக்குத்தான். கொக்கியில் கட்டிய இறகுப் பூச்சிக்கு எடையே கிடையாது. நூலைத் தலைக்கு மேலே முன்னும் பின்னுமாக வீசி, பூச்சி தானாக வந்து தண்ணீரில் உட்கார்ந்த மாதிரி இறக்க வேண்டும். மொட்டைமாடியில் பழகும்போது கொடியில் காய்ந்த அக்காவின் சேலையை ஒருதடவை பிடித்தான். அதையும் சேதமில்லாமல் விட்டுவிட்டான்.

அந்தப் பூச்சிக்கான சேவல் இறகும் அமெரிக்காவிலிருந்து வந்தது. இறகுக்காகவே சேவல் வளர்க்கிற பண்ணைகள் அங்கே இருக்கின்றனவாம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. வெள்ளைக்காரத் துரைமார்கள் சால்மன் மீனுக்குப் பூச்சி கட்ட உயிரைவிட்டது நம் மலைகளில் திரியும் சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்திறகுக்கு. அன்று இறகு இங்கிருந்து கப்பலேறியது. இன்று காட்டுக்கோழி மேல் கை வைத்தால் 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டம் பாயும். பாயட்டும், அது நல்ல சட்டம்தான்.

அவன் பிடிக்க நினைத்த டிரவுட் மீனும் அப்படித்தான் கப்பலில் வந்தது. நீலகிரியில் அதை விட 1863-லேயே பிரான்சிஸ் டே என்பவர் முயன்று தோற்றார். பிறகு வில்சன் என்பவர் முயற்சியில் 1907-இல் அவலாஞ்சியில் பொரிப்பகம் வந்தது. அங்கே நிலைத்த ரெயின்போ டிரவுட்டின் தாய்வீடு வட அமெரிக்காவின் மேற்கு மலை ஆறுகள். ஆக, எங்கள் ஊருக்கு மேற்கே மலை கண்ணெதிரே நிற்க, அமெரிக்க மீனை அமெரிக்க இறகால் பிடிக்க ஊட்டிக்குப் போகத் திட்டம்.

எக்செல் ஷீட்டில் சிவப்புக் கட்டங்கள் பெருகின. நீலகிரியின் முக்கூர்த்தி 1990 முதல் தேசியப் பூங்கா. மூணாறு பக்கம் இரவிகுளம் 1978 முதலே அப்படித்தான். சரி, நம் மலையாவது கிடைக்குமா என்றால், எங்கள் பக்கத்துக் காடுகள் 2015-இல் நெல்லை வனவிலங்கு சரணாலயமாகிவிட்டன. மிச்சமிருந்த கட்டங்களை மழை எச்சரிக்கை சிவப்பாக்கியது. குழுவில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக 'நெக்ஸ்ட் இயர்' என்று கைகூப்பிக் கழன்றார்கள்.

தீபாவளிக்கு வந்தவன் திண்ணையில் கம்பைத் துடைத்துக்கொண்டிருந்தான். மொத்தம் என்ன செலவு என்று கேட்டுத் தெரிந்துகொண்ட அக்கா, புளியங்குடி எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தபடி கேட்டாள்: "பிடிச்சு திரும்ப ஆத்துலயே விடுததுக்கா இம்புட்டு ரூவா?"

"அதுதாம்மா ஸ்போர்ட்."

"அப்போ பாபநாசம் படித்துறைக்குப் போ. பொரி வாங்கிப் போட்டா மீனு தானா காலடிக்கு வரும். பிடிக்கவும் வேண்டாம், விடவும் வேண்டாம்."

அவன் கொஞ்சநேரம் யோசித்துவிட்டு என் பக்கம் திரும்பினான். "அங்க காஸ்டிங் பண்ண விடுவாங்களா மாமா?"

"அது சாமி மீனுலே. கம்பை எடுத்தேன்னா, உன்னையத்தான் தூக்கி ஆத்துல வீசுவாங்க."