அரியும் சிவனும் ஒண்ணு, ஆயிலும் ஆயிலும் வேறு

போன ஆடித்தபசு அன்றைக்குச் சங்கரன்கோவில் ரத வீதியில் பொரிகடலைக் கடைக்காரர் ஒருவர், "கடைக்குள்ளேயே வந்துட்டியளே அண்ணாச்சி, உக்காருங்க" என்றார். நானாக வரவில்லை. முன் பிரேக்கைப் பிடித்தேன். லீவர் கைப்பிடியோடு போய் ஒட்டிக்கொண்டது. பின் பிரேக்கும் என் செருப்பும் சேர்ந்து வண்டியை நிறுத்தியபோது முன்சக்கரம் கடலை மூட்டையில் சாய்ந்திருந்தது.

வண்டி, 1999-இல் வந்த சிபிசெட். 156 சிசி, முன்னால் 240 மி.மீ. டிஸ்க். அதற்கு முன்பே என்ஃபீல்டு ஃப்யூரி 175 டிஸ்க்கோடு வந்ததுதான் என்றாலும், எங்கள் தெருப் பயல்கள் டிஸ்க் தட்டை முதலில் தொட்டுப் பார்த்து விரலைச் சுட்டுக்கொண்டது இதில்தான். அந்தப் பெருமையிலேயே நான் பல வருஷம் பிரேக் ஆயிலை மாற்றவில்லை. குறைந்தால் ஊற்றுவேன், அவ்வளவுதான்.

பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தைக் குடிக்கும். புது டாட் 4 ரக ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் கொதிநிலை 155 பக்கம் இறங்கிவிடும். கொதித்தால் ஆவி. ஆவி அமுங்கும். நாம் அமுக்குகிற அமுக்கு பேடுக்குப் போய்ச் சேராது.

வீட்டில் பிரேக் ஆயில் கிண்ணத்தின் மூடியைத் திறந்தேன். உள்ளே சுக்குக்காப்பி.

பக்கத்து வீட்டு விசைத்தறி அண்ணாச்சி தறி ஆயில் கேனோடு வந்துவிட்டார். "எல்லாம் ஆயில்தானவே!" சங்கரனும் நாராயணனும் பாதிப் பாதியாக ஒரே உடம்பில் நிற்கிற ஊரில் பேதம் பேசுவது சிரமம். டாட் 3-ம் டாட் 4-ம் கிளைக்கால் குடும்பம், அரியும் சிவனும் மாதிரி, கலந்தாலும் சண்டையில்லை. தறி ஆயில் பெட்ரோலியக் குடும்பம். மாஸ்டர் சிலிண்டர் ரப்பர் ஊறி உப்பிவிடும். விளக்கினேன். "அப்ப அறியாதவன் வாயில மண்ணுங்கீரு?" என்று முறைத்தார். கோயில் புற்றுமண்ணைப் பிரசாதமாகத் தின்கிற ஊர்க்காரருக்கு இதில் என்ன கோபமோ!

பிரேக் குழாயில் ஏர் எடுக்க, மருந்துக் கடையில் குளுக்கோஸ் ஏற்றும் டியூப் கேட்டேன். "யாருக்கு முடியலை?" "வண்டிக்கு."

டியூபை நிப்பிளில் மாட்டி மறுமுனையை பாட்டில் ஆயிலில் முக்கினேன். லீவரில் மகன். கீழே எட்டாம் நம்பர் ஸ்பானரோடு நான். "அமுக்கு... பிடி..." கால் சுற்றுத் திறந்தால் கருப்பு ஆயிலும் குமிழியும் ஓடும். நான் மூடிய பிறகுதான் அவன் லீவரை விட வேண்டும். போன் சிணுங்கியது, விட்டுவிட்டான். போன குமிழியெல்லாம் டியூப் வழியே வீடு திரும்பியது. ஆறு தடவை இப்படி. ஏழாவது தடவை போன் என் சட்டைப்பையில். அப்புறம் மேலே கிண்ணம் காலியாகி மறுபடி காற்று புகுந்தது. அதற்கு அவனைத் திட்ட முடியவில்லை. பார்த்திருக்க வேண்டியவன் நான்.

சாயங்காலம் லீவர் கல் மாதிரி நின்றது. டாங்கில் சிந்திய ஆயில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குப் பெயிண்டைத் தின்றிருந்தது. உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவியிருக்க வேண்டும்.

டிஸ்க் வைத்த பழைய வண்டிக்காரர்களே, இன்றைக்கே அந்தச் சின்ன மூடியைத் திறந்து பாருங்கள். சுக்குக்காப்பி என்றால் வண்டியை வீட்டில் விட்டுவிட்டு பஸ்ஸில் போய், மூடியில் போட்டிருக்கிற டாட் நம்பரைச் சொல்லி ஆயில் வாங்குங்கள். சீல் உடைக்காத டப்பாவாகக் கேளுங்கள். கடைக்காரர் திறந்து வைத்தது ஏற்கெனவே ஈரம் குடித்திருக்கும்.