பிரின்ஸ்டன் வாசி ஐன்ஸ்டைன்

அமெரிக்காவில் குடியேறிய ஐன்ஸ்டைன் என்ன கார் வைத்திருந்தார்?

நடராஜா சர்வீஸ்! கடைசிவரை அவர் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளவில்லை. பிரின்ஸ்டன் மெர்சர் தெரு 112-ஆம் எண் வீட்டுக்கும் அவர் வேலை பார்த்த ஆய்வு நிறுவனத்துக்கும் இடையே நடைதான். பேச்சுத்துணைக்குக் கணித மேதை கர்ட் கோடெல்.

சாக்ஸே போடமாட்டாராமே, அவ்வளவு சிக்கனமா?

கட்டைவிரல் ஓட்டை போட்டுவிடுகிறதென்று சாக்ஸைத் தலைமுழுகிவிட்டார். சிக்கனம் சம்பளம் கேட்டதில்தான். ஆண்டுக்கு 3,000 டாலர் போதும் என்றார்; நிறுவனம் அதைப்போல் மூன்று மடங்குக்கு மேல் கொடுத்தது.

படகு விடுவதில் பிரியமானவர் என்றால் நீச்சலிலும் புலியாக இருந்திருப்பாரே?

நீந்தத் தெரிந்தவருக்குப் படகு எதற்கு? நீச்சல் தெரியாது, லைஃப் ஜாக்கெட்டும் போடமாட்டார்.

அணுகுண்டுத் திட்டத்தில் அவருக்கு என்ன பொறுப்பு?

வாசலோடு நிற்கும் பொறுப்பு!

அணுகுண்டு சாத்தியம் என்று 1939-ல் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டுக்குப் போன கடிதத்தில் கையெழுத்திட்டவர் அவர். ஆனால் அவருடைய அரசியல் கருத்துகளைக் கண்டு சந்தேகப்பட்ட ராணுவம், 1940-ல் பாதுகாப்பு அனுமதி தர மறுத்துவிட்டது. வேடிக்கை என்னவென்றால், அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்கக் குடியுரிமை கிடைத்தது.

ஹிட்லரிடமிருந்து தப்பி வந்தவருக்கு அமெரிக்கா சொர்க்கமாகத்தானே தெரிந்திருக்கும்?

சொர்க்கத்திலும் சிலருக்கு ரூம் கிடைக்காது என்பதை 1937-ல் நேரிலேயே பார்த்தார். கச்சேரிக்கு வந்த பாடகி மரியன் ஆண்டர்சனுக்கு, கறுப்பினத்தவர் என்பதால், பிரின்ஸ்டன் விடுதி இடம் தரவில்லை. ஐன்ஸ்டைன் அவரைத் தன் வீட்டிலேயே தங்கவைத்தார். அந்த நட்பு 1955-ல் ஐன்ஸ்டைன் இறக்கும்வரை நீடித்தது.