உப்பும் கோபமும்

கோபம் வந்தால் வாய் முந்திக்கொள்கிறது. தூத்துக்குடி உப்பு அப்படி! என்ன செய்வது?
*– வாசகர், திரேஸ்புரம்*

உப்பைக் குறைக்காதீர்கள். உங்கள் ஊரில் வ.உ.சி.க்கு மட்டும் கோபம் வரவில்லையா? வெள்ளையர் கப்பல் கம்பெனியைத் திட்டித் தீர்த்துவிட்டுத் தூங்கப் போகவில்லை. 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கி, கொழும்புக்கே கப்பல் விட்டார். 1908-இல் உங்கள் ஊர்க் கோரல் மில் தொழிலாளர்களின் கோபம் கோரிக்கையானது, வேலைநிறுத்தமானது, வென்றது. கோபத்துக்கு ஒரு வேலை கொடுங்கள், வாய் தானாக நிதானிக்கும்.

ஊரே ஒன்றைச் சொல்லும்போது நான் மட்டும் மாறுபடலாமா?
*– வாசகி, முத்தையாபுரம்*

தாராளமாக, யோசித்துவிட்டு! காந்தியின் ஒத்துழையாமையை ஏற்க முடியாமல் வ.உ.சி. 1920-இல் காங்கிரஸிலிருந்தே விலகினார். மதிப்பு குறைந்ததா? தூத்துக்குடித் துறைமுகத்துக்கு இன்று அவர் பெயர்தான்.