பரண்மேல் நத்தை

அரியலூர்ப் பக்கம் போகிறவர்கள் முந்திரிப்பருப்பு வாங்கி வருவார்கள். நான் நத்தை பொறுக்கி வருகிறேன். அதுவும் சுமார் 9 கோடி ஆண்டுக்கு முன்பு, அங்கே கடல் இருந்த காலத்தில் செத்த நத்தை. பரணில் உடைந்த மிக்ஸிக்கும் கொலுப்படிக்கும் நடுவே அதற்கு ஒரு பிஸ்கட் டின் இடம் ஒதுக்கியிருக்கிறாள் மனைவி. குடும்பத் தலைவனுக்குரிய மரியாதை அவ்வளவுதான்.

"ஏங்க, இது என்ன நத்தை?" என்பாள். அங்கேதான் என் வித்வத்துவம் ஆட்டம் காணும். பல கற்களில் ஓடு கரைந்துபோய், உள்ளே புகுந்த சேறு மட்டும் இறுகியிருக்கும். இனம் பிரிக்க உதவும் வரியும் முடிச்சும் ஓட்டோடு போய்விடும். சட்டையை வைத்து ஆளைச் சொல்லலாம்; சட்டைப்பைக்குள் இருந்த காற்றை வைத்து எப்படிச் சொல்வது?

ஆனாலும் விடுவேனா? "ஒல்லியா நீண்டு, சுத்து நிறைய இருந்தா டர்ரிடெல்லா வகையா இருக்கும்."

"இது தட்டையா சுருண்டிருக்கே?"

"அது நத்தையே இல்லம்மா, அம்மோனைட். கணவாய்க்குச் சொந்தம். உள்ளே அறை அறையாத் தடுத்திருக்கும். நத்தைக்குப் பெரும்பாலும் தடுப்பே கிடையாது, ஒரே கூடம்."

"அப்ப நாமதான் நத்தை," என்று எங்கள் வாடகை வீட்டை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள்.

கண்டகி ஆற்றுச் சாளக்கிராமங்கள் பலவும் அம்மோனைட்தான் என்று அம்மாவிடம் உளறி வைத்தேன். மறுநாளே அந்தக் கல் பூஜை அறைக்குப் போய்விட்டது. என் சேகரிப்பில் பதவி உயர்வு பெற்றது அது ஒன்றுதான்.

கல்கத்தாவில் புவியியல் ஆய்வுத் துறையில் இருந்த ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா, 1867-68-ல் தென்னிந்தியாவின் இந்தக் கல் நத்தைகளுக்கென்றே தடித்த நூல் எழுதினார். அதன் படங்களோடு என் கல்லை ஒப்பிட்டால், எல்லாப் படமும் என் கல்லைப் போலவே இருக்கும். கண்ணாடியைக் கழற்றினால் ஒற்றுமை இன்னும் கூடும்.

"பேரு தெரியலைன்னா போகட்டும், எந்த ஊர்ல எடுத்ததுன்னாவது எழுதி ஒட்டுங்க," என்றாள், சமையலறை டப்பாக்களுக்கெல்லாம் சீட்டு ஒட்டி வைத்திருப்பவள். துறை வல்லுநர்கள் சொல்வதும் அதையேதான்.

ஆகவே பொறுக்கப் போகும் அன்பர்களே, கூட்டின் வாய்ப்பகுதி உடையாத கல்லாகப் பாருங்கள். எடுத்த ஊரையும் பாறை அடுக்கையும் அன்றைக்கே எழுதி வையுங்கள். வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பெயரைப் பிறகு யாராவது கண்டுபிடித்துச் சொல்லலாம். ஊரை நீங்கள் மட்டுமே சொல்ல முடியும்.